சென்னையின் ‘மேலே’ வேறு, கன்னியாகுமரியின் ‘மேலே’ வேறு

மொட்டைமாடியில் நிற்கும் ஒரு பிள்ளையிடம் “மேலே எங்கே, காட்டு” என்று சொல்லுங்கள். தலைக்கு நேராக விரலை நீட்டும். அதே நொடியில் கன்னியாகுமரியில் இன்னொரு பிள்ளையும் நீட்டினால், இரண்டு விரல்களும் ஒரே திசையைக் காட்டுவதில்லை. சென்னைக்கும் குமரிக்கும் நடுவில் வடக்கு தெற்காக மட்டும் சுமார் 5 டிகிரி விலகல். டில்லியில் நிற்கும் பிள்ளையின் ‘மேலே’ சென்னையிலிருந்து வடக்கே இன்னும் பதினைந்தரை டிகிரி சாய்ந்திருக்கும். மூன்று பேரும் சொல்வது சரிதான். தவறு எங்கே இருக்கிறதென்றால், ‘மேலே’ என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே திசை உண்டு என்று நாம் யோசிக்காமலே வைத்திருக்கும் நம்பிக்கையில்.

இப்படிப்பட்ட நம்பிக்கைகள் நமக்குள் நிறைய இருக்கின்றன. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் பட்டது அப்படியே அங்கே இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 வரும். எனக்கு ஒரு மணி நேரம் ஆனால் எல்லாருக்கும் ஒரு மணி நேரம்தான் ஆகும். இவற்றைக் கேள்வி கேட்கத் தொடங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே “எல்லாம் மாயை” என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். இரவெல்லாம் வீடியோ பார்த்து, குவாண்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கையால் எதையும் அளக்காமலே உலகம் பொய் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வழி வேண்டாம். ஒரு குச்சி, ஒரு நூல், ஒரு பந்து, ஒரு வாளி தண்ணீர் போதும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

கோடு போட்ட சாதாரண நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உங்கள் நம்பிக்கையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இரண்டாவதில், அது சரியென்றால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றாவதில் உண்மையில் நடந்தது. நான்காவது பத்திதான் எனக்கு முக்கியம்: அந்த நம்பிக்கை எது வரைக்கும் செல்லும்?

ஒரு நம்பிக்கை உடைந்தவுடன் அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வீடு கட்டும்போது பூமியைத் தட்டையாக வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. கப்பல் ஓட்டும்போது அது தவறு. எந்த எல்லையில் உடைகிறது என்று தெரிந்தால்தான் கேள்வி கேட்டதற்குப் பலன். இரண்டாவது பத்தியை எழுத முடியாத நம்பிக்கையை, அதாவது எப்படி நடந்தாலும் ஒத்துப்போய்விடும் நம்பிக்கையை, இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள்

அந்த நோட்டிலேயே ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். நோட்டை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்மே மாரியோட் இதைக் கண்டுபிடித்தார்.

புள்ளி மறைவதை விட அங்கே என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். ஓட்டை தெரியாது, கறுப்பும் தெரியாது. நோட்டின் கோடுகள் இடைவெளியில்லாமல் ஓடுவதுபோலத் தெரியும். அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு ஒரு தகவலும் வரவில்லை, கோட்டை மூளையே போட்டுக்கொள்கிறது.

அடுத்து நிலா. பௌர்ணமி அன்று உதயத்தில் நிலா பெரிதாகத் தெரியும், நள்ளிரவில் சிறுத்துவிடும். ஒரு தாளில் ஆபீஸ் பஞ்சால் துளை போட்டு, கையை முழுதாக நீட்டி அதன் வழியாகப் பாருங்கள். அந்தத் துளை சுமார் 6 மி.மீ. அகலம் இருக்கும். நிலா வானில் அரை டிகிரிதான் என்பதால் துளைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். நள்ளிரவில் மறுபடி பாருங்கள், அதே அளவுதான். சொல்லப்போனால் அடிவானத்தில் இருக்கும்போது நிலா நம்மிடமிருந்து இன்னும் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. உச்சிக்கு வரும்போது பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது சுமார் 6,400 கி.மீ., நெருங்கிவிடுகிறது. பெரிதாகத் தெரிந்தபோதுதான் அது தொலைவில் இருந்திருக்கிறது.

தூக்குக்குண்டு சொல்வது

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்து பார்ப்பார். இரண்டு மூலையிலும் தொங்கும் நூல்கள் இணையாக இருக்கின்றன என்று நினைப்போம். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கித் தொங்குவதால் அவை இணையாக இருக்கவே முடியாது. ஒரு வீட்டின் அகலத்துக்கு அந்த வித்தியாசத்தை எந்த அளவுகோலாலும் பிடிக்க முடியாது. இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றுப் பாலத்தின் இரண்டு கோபுரங்களும் தூக்குக்குண்டுக்குச் சரியாகச் செங்குத்து. இடையில் 1,410 மீட்டர். அடியை விட உச்சியில் அவை 36 மி.மீ. அதிகம் விலகி நிற்கின்றன.

நோட்டின் நான்காவது பத்தியில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டுக்குச் சரி, பாலத்துக்குப் போதாது.

மூன்று ஊர், ஒரே நாள், ஒரு குச்சி

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

சென்னை, கன்னியாகுமரி, டில்லி என்று கிட்டத்தட்ட வடக்கு தெற்காக மூன்று ஊர்களில் ஆள் வேண்டும். ஊர் மாறலாம், ஆனால் மூன்று வேண்டும். ஏன் இரண்டு போதாது என்பது கடைசியில் தெரியும். எல்லாரும் ஒரே நாளில் அளக்க வேண்டும். மார்ச் 20, 21 அல்லது செப்டம்பர் 22, 23 வாக்கில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, ஏனென்றால் அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும்.

சரியாக 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிவிசி குழாயை நட்டு வையுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் எல்லாப் பக்கமும் நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தரை மட்டமா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலும் தெரியும். நான் முதலில் செய்தபோது மாடித் தளத்தின் சரிவைக் கவனிக்கவில்லை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுத்திருந்த அந்தச் சரிவு என் அளவை ஒரு செ.மீ.க்கு மேல் கெடுத்துவிட்டது. இப்போது ஒரு பலகையைப் போட்டு மட்டம் பார்த்த பிறகே அளக்கிறேன்.

நிழலின் நுனி கூர்மையாக இருக்காது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் 1 மீட்டர் குச்சியின் நிழல் விளிம்பு ஏறக்குறைய 9 மி.மீ. அகலத்துக்குக் கலங்கித் தெரியும். இதற்கு ஒரு வழி உண்டு. சிறு துளை போட்ட அட்டையைக் குழாயின் உச்சியில், துளை சரியாக 1 மீட்டர் உயரத்தில் வரும்படி ஒட்டுங்கள். தரையில் அட்டை நிழலுக்கு நடுவே ஒரு ஒளிப்பொட்டு விழும். அது சூரியனின் படம். அந்தப் பொட்டின் நடுவைச் சாக்பீஸால் குறியுங்கள். தரையைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை வெறும் கண்ணால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் கூட இருந்தால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

காலை 11.45 முதல் பிற்பகல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறி. எந்தக் குறி குழாயின் அடிக்கு மிகப் பக்கமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் ஊரின் நண்பகல். கடிகாரத்தின் 12 மணிக்கு அது வராது! மார்ச் 20 வாக்கில் சென்னையில் சுமார் 12.16க்கும், குமரியில் 12.27க்கும், டில்லியில் 12.29க்கும் வரும். நாடு முழுக்க ஒரே ‘மணி 12’ என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை அந்தச் சாக்பீஸ் குறிகளிலேயே பார்க்கலாம்.

அன்று மூன்று ஊர்களிலும் வர வேண்டிய நிழல் நீளம் ஏறக்குறைய இவை: குமரியில் 14.2 செ.மீ., சென்னையில் 23.2, டில்லியில் 54.5.

இப்போது இந்த எண்களை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு உலகங்களைக் கட்டிப் பார்ப்போம்.

முதல் உலகம் தட்டை. சூரியன் பக்கத்தில், ஒரு தெருவிளக்குபோல மேலே தொங்குகிறது. விளக்குக்கு நேர் கீழே நிற்பவருக்கு நிழல் இல்லை, தள்ளிப் போகப் போக நிழல் நீளும். குமரிக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 555 கி.மீ. நிழல் வித்தியாசம் 9 செ.மீ., அதாவது 0.09 மீட்டர். 555ஐ 0.09ஆல் வகுத்தால் சூரியனின் உயரம் 6,170 கி.மீ. என்று வருகிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டாவது உலகம் உருண்டை. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் கதிர்கள் எல்லா ஊருக்கும் இணையாக வருகின்றன. நிழலின் நீளம் மாறுவது நம் குச்சிகள் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பதால். குமரிக்கும் சென்னைக்கும் கோணம் 5 டிகிரி, தூரம் 555 கி.மீ. முழு வட்டமான 360 டிகிரிக்கு 72 மடங்கு, ஆக 39,960 கி.மீ. சுற்றளவு.

இரண்டு ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தின் சையீன், அலெக்சாண்ட்ரியா என்ற இரண்டு ஊர்களை வைத்துப் பூமியின் சுற்றளவைச் சொன்னார் என்று படிக்கிறோம். பூமி உருண்டை என்பதை அவர் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கு அதை நிரூபிக்கவில்லை. பழைய சீன வானியலில் இதே நிழல் கணக்கைத் தட்டைப் பூமிக்குப் பொருத்தி, சூரியனின் உயரம் 80,000 லீ (சீனர்களின் தூர அளவு) என்று எழுதி வைத்தார்கள். அவர்களும் கவனமாக அளந்தவர்கள்தான். கி.பி. 724இல் யி ஷிங் என்ற புத்தத் துறவியின் தலைமையில் நாட்டின் பல இடங்களில் குச்சி நட்டு அளந்தபோதுதான், தூரத்தோடு நிழல் சீராக மாறும் என்ற அந்தப் பழைய விதி பொய்த்தது.

அதனால் டில்லியைச் சேருங்கள். சென்னைக்கும் டில்லிக்கும் வடக்கு தெற்காகச் சுமார் 1,720 கி.மீ., நிழல் வித்தியாசம் 0.313 மீட்டர். தட்டை உலகத்தில் வகுத்தால் சூரியனின் உயரம் சுமார் 5,500 கி.மீ. முந்தைய விடையோ 6,170. அதே நாள், அதே சூரியன், இரண்டு உயரம். உருண்டை உலகத்தில் பதினைந்தரை டிகிரிக்கு 1,720 கி.மீ. என்றால் சுற்றளவு மறுபடியும் 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே முரண் இல்லை.

ஒரு எச்சரிக்கை. குமரி, சென்னை ஜோடியில் நிழலை 5 மி.மீ. தவறாக எடுத்தாலே சூரியனின் உயரம் 300 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். துளை அட்டை இல்லாமல் செய்தால் முடிவு எந்தப் பக்கமும் சாயலாம். விடை வரவில்லை என்றால் கோபப்படாமல் அடுத்த நாள் மறுபடி அளக்கலாம், மூவரும் ஒரே நாளில் அளந்தால் எந்த நாளும் சரிதான். நாள் மாறினாலும் ஊர்களுக்கு நடுவேயான கோண வித்தியாசம் மாறாது.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நேர்க்குச்சிக்கு நிழலே விழாது. குமரியில் ஏப்ரலில் அந்த நாள் இரண்டு வாரம் முன்பே வந்துவிடும். டில்லியில் அப்படி ஒரு நாள் வரவே வராது.

பந்தின் மேல் ஒரு முக்கோணம்

இந்த 555 கி.மீ.யை யார் அளந்தார்கள் என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நல்ல கேள்வி. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடிச் சங்கிலியை வைத்து ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏறி, முக்கோணச் சங்கிலியாகவே இந்தியாவை அளந்தார்கள்.

அந்தப் பெரிய முக்கோணங்களின் கோணங்களைக் கூட்டினால் 180 வராது. பக்கத்துக்கு 50 கி.மீ. உள்ள முக்கோணத்தில் ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஐந்தாறு பங்கு கூடுதலாக வரும். நில அளவையில் அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

இதை உள்ளங்கையில் பார்க்க ஒரு பந்தை எடுங்கள். உச்சியிலிருந்து நூலை இழுத்துப் பிடித்து நடுக்கோடு வரை ஒரு கோடு, அங்கிருந்து கால் சுற்று நடுக்கோட்டிலேயே, பிறகு மறுபடி உச்சிக்கு. மூன்று மூலையிலும் 90 டிகிரி, மொத்தம் 270. பந்தை விட்டு வெளியே வராத ஒரு எறும்புகூட இந்தக் கூட்டலைச் செய்தாலே தன் உலகம் வளைந்தது என்று கண்டுகொள்ளலாம். வெளியே நின்று பார்க்க வேண்டியதில்லை.

நாம் இருக்கும் இந்த முப்பரிமாண வெளிக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். 1919 மே 29ஆம் தேதி சூரிய கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரையோரம் பிரின்சிபி தீவிலும் சூரியனுக்கு அருகே தெரிந்த விண்மீன்களைப் படமெடுத்தார்கள். சூரியனின் ஈர்ப்பு வெளியையும் நேரத்தையும் வளைப்பதால், அதன் விளிம்பை ஒட்டி வரும் ஒளி ஒரு டிகிரியின் 3,600 பங்கில் 1.75 பங்கு விலகும் என்பது ஐன்ஸ்டைன் கணித்தது. படங்கள் அதன் பக்கம் நின்றன.

செல்போனை மெத்தையில் போடுங்கள்

செல்போனில் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி என்ற சிறு உணரி உண்டு. ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் அளவைக் காட்டும். புவியீர்ப்பையும் சேர்த்துக் காட்டும் பிரிவைத் திறந்து போனை மேசையில் வையுங்கள். அசையாமல் இருக்கும் போன் 9.8 (மீட்டர்/நொடி²) காட்டும். பதிவை ஓடவிட்டு, அரை மீட்டர் உயரத்திலிருந்து கனமான மெத்தையில் விழவிடுங்கள். விழுந்துகொண்டிருந்த அந்தச் சிறு நேரத்துக்கு வரைபடம் சுழியத்துக்கு இறங்கியிருக்கும்.

நாம் நினைப்பது தலைகீழ்: நிற்பவரிடம் ஒன்றும் நடக்கவில்லை, விழுபவரைத்தான் ஏதோ இழுக்கிறது. போனோ, நிற்கும்போதுதான் தன்னை மேசை மேலே தள்ளுகிறது என்றும், விழும்போது தன் மேல் ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறது. போனைப் போட மனமில்லாதவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஆணியால் துளை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடி வேண்டாம். கையில் பிடித்தால் தண்ணீர் பீச்சும், கையை விட்டால் விழும் நேரம் முழுக்க நின்றுவிடும். விழுபவருக்குத் தன் எடை தெரியாது என்ற இந்த எண்ணம் 1907இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் ஐன்ஸ்டைனுக்கு வந்தது, அங்கிருந்துதான் வளைந்த வெளி வரை போனார்.

நேரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ நொடி முந்தும், வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்தும். மிச்சம் 38. அந்த 38 மைக்ரோ நொடியில் ஒளி 11 கி.மீ.க்கு மேல் போய்விடும். அதைச் சரிசெய்து வைத்திருப்பதால்தான் ஆட்டோ சரியான தெருவுக்கு வருகிறது.

ஐன்ஸ்டைனின் சார்பியலில் இடமும் நேரமும் பிரிக்க முடியாதவை என்று படித்ததும், நம் அகத்திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருளாக இருப்பது நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது. அதற்காக நம் முன்னோர் சார்பியலைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கவிதைக்குக் களம் வகுத்தார்கள். அதை அதற்குரிய பெருமையோடு விட்டுவிடுவதே மரியாதை.

கடைசியாக, ஒரு வாளி

சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பூமி தன் சுழற்சியால் மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகிறது. சூரியனைச் சுற்றும் வேகம் மணிக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் கி.மீ. ஒன்றும் தெரிவதில்லை. சீராக ஓடும் ரயிலில் டம்ளரில் தேநீர் அசையாமல் இருப்பதுபோல. அப்படியென்றால் அசைவு என்பதே எதையாவது ஒப்பிட்டுச் சொல்வதுதானா?

வாளியில் பாதி தண்ணீர் ஊற்றிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கயிறு நன்றாக முறுக்கேறும் வரை வாளியைச் சுற்றி, தண்ணீர் அடங்கியதும் விட்டுவிடுங்கள். முதலில் வாளி மட்டும் சுழலும், தண்ணீர் மட்டமாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுழலும், நடுவே குழிந்து ஓரத்தில் ஏறும். அப்போது வாளியைச் சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். தண்ணீர் இன்னும் சுழலும், குழிவும் இருக்கும்.

இந்த மூன்று கட்டங்களையும் நோட்டில் படமாக வரையுங்கள். வாளியை ஒப்பிட்டால் தண்ணீர் முதல் கட்டத்தில் நகர்கிறது, ஆனால் குழியவில்லை. இரண்டாவதில் நகரவில்லை, ஆனால் குழிகிறது. ஆகவே குழிவுக்கும் வாளிக்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் தண்ணீர் எதை ஒப்பிட்டுச் சுழல்கிறது? வெளி என்ற ஒன்று தன்னளவில் இருக்கிறது, அதை ஒப்பிட்டுத்தான் என்றார் 1687இல் நியூட்டன். பொருள்களுக்கு இடையிலான உறவுகளைத் தவிர வெளி என்று தனியாக ஒன்றும் இல்லை என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1715, 1716இல் கடிதங்களில் வாதாடினார். 1883இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், தொலைவில் இருக்கும் விண்மீன்களையும் கணக்கில் எடுக்காமல் இதைச் சொல்ல முடியாது என்றார். வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தப் பக்கத்தின் மூன்றாவது பத்தி வரை உங்களால் நிரப்ப முடியும். நான்காவதில் தேதியை மட்டும் போட்டு இடம் விட்டு வையுங்கள். அடுத்த முறை கிணற்றடியில் வாளியை இறக்கும்போது, கயிறு முறுக்கு அவிழ்ந்து அது சுழல்வதைப் பாருங்கள்.